பன்னிரு குழலில் நான்கு

மேற்றிசைச் சரிவில் இறங்கத் தொடங்கிய கதிரவன், நகரின் புறத்தே வரிசையாய் எழுந்து நின்ற கண்ணாடிக் கட்டடங்களின்மேல் தன் பொற்குழம்பை வாரி இறைக்க, அவ்விறைப்பில் எது பொன், எது பூச்சு என்று பிரித்தறிய மாட்டாமல் காண்போர் கண்கள் கூசிய பிற்பகற் பொழுது அது. அகன்ற சாலையில் ஊர்திகள் ஒன்றன் முதுகை ஒன்று முகர்ந்தவாறு ஊர்ந்தன. சாலை முடிவில், ஒரு புல் மற்றொரு புல்லைவிட உயர்ந்துவிடலாகாது என்னும் ஆணைக்கு அடங்கியதுபோல் மட்டமாய் வெட்டப்பட்ட பசும்பரப்பு கிடந்தது. அதன் நடுவே, மாடிவீடு விற்கும் பெருவணிக நிறுவனம் ஒன்றின் விற்பனை அரங்கு, விருந்தினரை நோக்கிப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் தரகனைப்போல் ஒளிவீசி நின்றது. உள்ளே, இன்னும் ஒரு செங்கல்லும் வைக்கப்படாத அடுக்குமாடிகளின் சிற்றுரு, கண்ணாடிப் பேழைக்குள் அமர்ந்திருந்தது. விரல்நக அளவில் மரங்கள். அரிசி அளவில் மாந்தர். அம்மாந்தருள் எவர்க்கும் முகம் இல்லை. வாங்குவோர் தத்தம் முகத்தைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தனர் போலும். அக்குடியிருப்புக்கு மலைமூச்சு என்று பெயர் சூட்டியிருந்தனர். அங்கே மலையும் இல்லை. மின்தூக்கி பழுதான நாளில் இருபத்தைந்தாம் மாடிக்குப் படியேறினால் மூச்சும் இராது.

கற்றறிந்தீர், சரக்கின் தரம் காண விழைவோர் கடையின் முகப்பில் நின்று மயங்கார், பின்கட்டுக்குச் செல்வர். நாமும் அங்ஙனமே செல்வோம். அரங்கின் முதுகுப்புறத்தில், மின்னாக்கிப் பொறியின் இரைச்சலும், பாத்திரம் கழுவிய நீரின் வாடையும், ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறி நின்ற நாற்காலி அடுக்குகளும், ஊர்தி ஓட்டுநர்களின் சோம்பல் முறிப்பும் நிறைந்த முற்றம் ஒன்று உண்டு. அங்கே, மணல் ஏற்றும் சரக்குந்து ஒன்றிலிருந்து இறங்கிய மலைக்குடியினர் பன்னிருவர், மடியில் ஆளுக்கொரு மூங்கிற் குழலுடன், தாம் எதற்கு அழைக்கப்பட்டோமோ அதற்குரிய பொழுதை எதிர்நோக்கி அமர்ந்திருந்தனர்.

இவர்களை அழைத்து வந்தவர் விழா நடத்தித் தரும் தொழில் செய்பவர். அவருடைய இயற்பெயர் அழைப்பிதழ்களில் மட்டுமே வாழ்ந்தது. கடைத்தெருவில் அவருக்கு வழங்கிய பெயர் அரைவிலை என்பதாகும். எப்பொருளையும் சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டு, கொடாவிடில் திரும்பி நடந்து, அழைப்பார்கள் என்று முதுகாலேயே காது கொடுத்து நிற்கும் அருந்திறல் அவருக்குக் கைவந்த கலை. தம்மைப் பெற்றவளுக்கு மருந்து கொடுத்த மருத்துவரிடமே, “பாதிக் காய்ச்சல்தானே போயிருக்கு” என்று பேரம் பேசியவர் என்று அவரை அறிந்தோர் கூறுவர். கேட்ட விலைக்கே ஒன்றை வாங்குவது அவருக்குப் பட்டப்பகலில் உடுக்கையின்றித் தெருவில் நடப்பதற்கு ஒப்பானது.

மலைமூச்சு என்று பெயர் வைத்த முதலாளி, திறப்புவிழாவில் மலையின் உயிர்ப்பும் கொஞ்சம் இருந்தால் நலம் என்று கருதி அதனைக் கொண்டுவரும் பொறுப்பை அரைவிலையாரிடம் ஒப்படைத்தார். அவரும் சில திங்களுக்கு முன் மலை ஏறினார். விடியற் பனி இன்னும் விலகாத வேளையில், சரிவெங்கும் சிதறிக் கிடந்த பன்னிரண்டு வீடுகளின் வாயில்களிலிருந்து, ஒருவரை ஒருவர் காணாமலே பன்னிருவர் ஊதிய பண்ணைக் கேட்டார். கேட்டவருக்கு மெய் சிலிர்த்தது. இதனை மறைத்தல் முறையாகாது. ஆனால், சிலிர்த்த மயிர் படியுமுன்னரே அவருடைய விரல்கள் கணக்கிடத் தொடங்கிவிட்டன.

அப்பண்ணின் இயல்பை இங்குச் சொல்லியாக வேண்டும். அக்குடியில் வீட்டுக்கொரு குழல்; குழலுக்கு ஒரே ஓர் ஒலி. ஒருவர் தம் ஒலியை வைத்து நிறுத்த, அந்த இடைவெளியில் அடுத்தவர் தம்முடையதை வைக்க, அதனைக் கேட்டு மூன்றாமவர் தொடர, ஓடையைக் கடப்போர்க்குக் கல்லுக்குப்பின் கல்லாய் வழி அமைவதுபோல் பண் அமையும். ஒருவர் ஒலியை மற்றவர் எடுத்து ஊதுதல் இல்லை. பன்னிருவருள் ஒருவரையும் விடுத்து ஊதுதலும் முறையன்று. ஊதத் தொடங்கியபின், பெருங்குழல் முடிவொலி எழுப்பும்வரை எவரும் தம் குழலின் அடியைத் தரையில் ஊன்றலாகாது. ஊன்றினால், ‘என் வீடு இனி உங்களோடு இல்லை’ என்று ஊரறியச் சொன்னதாகும். அந்தப் பெருங்குழலை ஏந்தியவர், குடியின் மூத்தோரும் இளையோரும் பெரியம்மா என்றே அழைத்த, பருத்த மூக்குக்கண்ணாடி அணிந்த, சொற்களைச் சிக்கனமாகச் செலவிடும் பெண்மணி ஒருவர்.

அரைவிலையார்க்கு இவையெல்லாம் புலப்படவில்லை. செங்கல் சுமக்கும் ஆட்களைப்போல் பன்னிருவரும் ஒரே வேலையைப் பங்கிட்டுச் செய்கிறார்கள் என்றும், மலைவாழ்நர்க்கு வேறு பணி இல்லாமையால் ஆள் மிகுந்துவிட்டது என்றும் அவர் எண்ணிக்கொண்டார். “நாலு பேர் செய்யற வேலைக்கு எதுக்கும்மா பன்னெண்டு ஆளு?” என்று வினவினார். வந்தால் பன்னிருவரும் வருவோம் என்றார் பெரியம்மா. அரைவிலையார் தலையை ஆட்டினார். வணிகர் தலையாட்டலுக்குச் ‘சொன்னது காதில் விழுந்தது’ என்பதற்குமேல் பொருள் இல்லை என்பதை அறியாத பெரியம்மா, அதனை ஒப்புதலாகக் கொண்டார். வரும் வண்டியில் நால்வர் ஏறினும் பன்னிருவர் ஏறினும் எரிநெய் ஒன்றுதானே என்று அரைவிலையாரும் வாளாவிருந்தார்.

பன்னிருவரும் என்று பெரியம்மா வற்புறுத்தியதற்கு ஒரு காரணம் உண்டு. அவருடைய தங்கை மக்கள் இருவர், அண்ணனும் தம்பியுமாய் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தனர். அண்ணன் ஒரு நாள் வேலியைத் தம்பி நிலத்துக்குள் இரண்டு முழம் நகர்த்தினான். தம்பி வாய்விட்டுச் சண்டையிடும் இயல்பினன் அல்லன் ஆகையால், மனைவி மக்களோடு இரவோடிரவாய் மலையைவிட்டு இறங்கி, நகரத்தில் கட்டட வேலைக்குப் போய்விட்டான். அவன் இல்லாத ஆண்டுகளில், அவன் ஒலி விழவேண்டிய இடம் வரும்போதெல்லாம் குடியினர் ஒரு மூச்சுப் பொறுத்து, வெறுமையாய்க் கடந்து சென்றனர். அந்த வெறுமையைக் கேட்கும் ஒவ்வொரு நாளும் பெரியம்மாவுக்குப் பல் விழுந்த இடத்தை நாக்கால் தடவுவதுபோல் இருந்தது. கடந்த மழைக்குப் பின்னரே அவர் நேரில் சென்று, அண்ணனைக்கொண்டு வேலியைப் பின்னுக்கு நகர்த்துவித்து, தம்பியை மீட்டுவந்தார். அப்போது அவனுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார்.

“இனி உன்னை விட்டுட்டு ஒரு நாளும் ஊத மாட்டோம். அப்படி ஊதினா, நீ கிளம்பிப் போயிடு. நான் தடுக்க மாட்டேன்.”

வீடு திரும்பிய பின் தம்பி குடியோடு வெளியிடம் வந்தது இதுவே முதன்முறை. அதற்கென்றே, கட்டட வேலை செய்த நாளில் வாங்கிப் பெட்டியில் மடித்து வைத்திருந்த கோடு போட்ட முழுக்கைச் சட்டையை எடுத்து அணிந்து, முடியைப் படிய வாரி, பெருமகனைப்போல் வந்திருந்தான்.

அச்சட்டையே அவனுக்குப் பகையாயிற்று. மேடைக்குரியோரைத் தேர்ந்தெடுக்க வந்த ஒப்பனைக்காரி, கையில் இறகுகளும் சாயக் கிண்ணங்களும் ஏந்தி, சந்தையில் கத்தரிக்காய் புரட்டுவோரைப்போல் ஒவ்வொரு முகமாய்ப் புரட்டிப் பார்த்தாள். வெண்தாடி காற்றில் அலைய அமர்ந்திருந்த அண்ணனைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. கன்னத்து எலும்பு எடுப்பான பெண்கள் இருவரும், மெலிந்த கிழவர் ஒருவரும் தேறினர். பெரியம்மாவை மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள். கழற்றினால் படி தெரியாது என்று அவர் கூற, அவரை ஒதுக்கினாள். தம்பியின் முன் சற்றே நின்றாள்.

“இவர் வேணாம்,” என்றாள் அரைவிலையாரிடம். “பாக்க நம்மள மாதிரியே இருக்காரு.”

உள்ளங்கைச் சாயத்தை ஊராரின் நெற்றியில் பூசிப் பிழைப்போர்க்கு, தம்மைப்போல் ஒருவன் இருப்பதே அவன்மேல் சாட்டத்தக்க பெருங்குற்றமாய்த் தோன்றுவது வியப்பன்று. அக்குடியினர் கண்ணாலும் கண்டிராத ஏதோ பறவையின் இறகுகள் நால்வர் தலையிலும் செருகப்பட்டன. மற்றவர்கள் பின்னால் வருவார்கள் என்று சொல்லி அவர்களை உள்ளே தள்ளிச் செல்ல, கதவு அடைபட்டது. அடைபட்ட கதவின் முன் காவலர் ஒருவர் நாற்காலி போட்டு அமர்ந்தார். பெரியம்மா எழுந்துபோய்க் கேட்டதற்கு, தமக்குக் கொடுத்த எண்ணிக்கை நான்குதான் என்று அவர் நயமாகவே விடை கூறினார்.

உள்ளே, தண்ணெனக் குளிரூட்டப்பட்ட பேரரங்கில், மெத்தை இருக்கைகளில் புதைந்திருந்த பெருமக்கள் முன் நால்வரும் நின்றனர். மற்ற எண்மரைக் காணோமே என்று அவர்கள் கலங்கவில்லை. மலையில் எப்போதுதான் ஒருவரை ஒருவர் கண்டு ஊதினார்கள்? பனிக்குள் மறைந்து நிற்பதும், காதால் மட்டும் கைகோப்பதும் அவர்களுக்குப் பிறவிப் பழக்கம். ஆகவே, எண்மரும் சுவருக்கு அப்பால் எங்கோ நின்றுகொண்டிருப்பர், ஒலி தானே வந்துசேரும் என்னும் உறுதியோடு மெலிந்த கிழவர் முதல் ஒலியை வைத்தார். அடுத்த ஒலி வெளியிலிருந்து வரவேண்டியது, வரவில்லை. மலைக்காற்றை ஊடுருவும் மூங்கிலொலி, மாடிவீடு விற்போரின் இரட்டைக் கண்ணாடியை ஊடுருவ மாட்டாது என்பதை அவர்கள் எங்ஙனம் அறிவர்? சற்றுப் பொறுத்தனர். பிறகு, விழவேண்டிய இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று குத்துமதிப்பாய் ஒரு பெண் தன் ஒலியை வைத்தாள். மீண்டும் வெறுமை. அண்ணன் ஊதினான். நெடிய வெறுமை.

பெருமக்கள் மெய்ம்மறந்தனர். முதல் வரிசையில், தோளில் கைத்தறித் துண்டும் உதட்டில் இளநகையுமாய் வீற்றிருந்த கலையறிஞர் ஒருவர், எழுந்து ஒலிவாங்கியைப் பெற்றுக்கொண்டு, “கேட்டீங்களா அந்த அமைதிய? ஒலியைவிட, ஒலி இல்லாத இடம்தான் இங்க பேசுது. இந்த வெறுமைக்குள்ள ஒரு மலையே இருக்கு,” என்று குழைந்தார். உண்மையில் அவ்வெறுமைக்குள் இருந்தவர் எண்மர். முற்றத்தில், பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றுகொண்டிருந்தனர். அறிஞரின் சொல்லைக் கேட்டுப் பெருமக்கள் கண்களை மூடிக்கொண்டனர். சிலர் அந்த அமைதியின் ஆழத்தில் இறங்கி உறங்கியும் போயினர். தாம் அறியாத ஒன்றைப் பாதி கேட்டுவிட்டு, கேளாத பாதியைப் புகழ்ந்து பெரியோர் ஆவது நம் காலத்துக்கே உரிய எளிய வழி. அதற்குக் காதும் வேண்டா, துண்டு ஒன்று போதும். முதலாளி அரைவிலையாரைப் பார்த்துக் கண்ணாலேயே மெச்சினார். அரைவிலையார், பன்னிரண்டுக்குப் பதில் நான்கே போதும் என்று தாம் வாங்கியதன் சிறப்பை எண்ணித் தமக்குத் தாமே தலையாட்டிக்கொண்டார்.

முற்றத்தில் நடந்தது வேறு. அங்கிருந்த ஓட்டுநர்கள் தத்தம் முதலாளி எப்போது புறப்படுவார் என்று அறியும் பொருட்டு, அரங்கின் ஒலியைக் கேட்கச் செய்யும் ஒலிபெருக்கி ஒன்று கம்பத்தில் கட்டப்பட்டிருந்தது. அதன் வழியே முதல் ஒலி வந்ததும், எண்மரும் எழுந்து நின்று தத்தம் இடத்தில் தத்தம் ஒலியை வைத்தனர். பண் எழுந்தது, ஆயினும் நொண்டிற்று. வெளியில் உள்ளோர்க்கு உள்ளே உள்ளோர் ஊதுவது கேட்டது. உள்ளே உள்ளோர்க்கு வெளியில் ஊதுவது கேட்கவில்லை. எனவே, தம்பியின் ஒலி விழவேண்டிய இடத்திலேயே அண்ணனின் ஒலி வந்து விழுந்தது. ஒருமுறை விழுந்தது. மறுமுறையும் விழுந்தது. மூன்றாம் முறை, தம்பி ஊத எடுத்த மூச்சை ஊதாமலே விட்டான்.

“பெரியம்மா, வேலிய நகர்த்தின மாதிரியே இதையும் நகர்த்துறான்.”

பெரியம்மாவின் பெருங்குழலுக்கு வேலை அரிதாகவே வரும். ஆகையால் அவருக்குப் பேச இடம் இருந்தது. “அவனுக்கு நீ ஊதறது கேக்கல. நடுவுல கண்ணாடி இருக்கு,” என்றார்.

“கேக்காத எடத்துல நான் எதுக்கு ஊதணும்? என்னை விட்டுட்டுத்தான் ஊதறாங்க. நீங்க சொன்ன வாக்கு உங்களுக்கு நினைவு இருக்கா?”

அவன் குரல் உயரவில்லை. வேலி நகர்ந்த நாளிலும் அது உயர்ந்ததில்லை என்பதைப் பெரியம்மா அறிவார். அவ்வளவு தாழ்ந்த குரலில் பேசிய மறுநாள் காலை அவன் வீட்டில் அடுப்பு புகையாமல் இருந்ததையும் அவர் கண்டவர். தம்பியின் கையிலிருந்த குழல் வாயைவிட்டு மார்புக்கும், மார்பைவிட்டு இடுப்புக்கும் இறங்கியது. அதன் அடி தரையைத் தொட ஒரு சாண் இருந்தது. தொட்டுவிட்டால் அவன் வீடு குடியைவிட்டு நீங்கியதாகும். அவன் மக்கள் இனி அம்மலையில் ஏறார். பண்ணில் அந்த வெறுமை என்றென்றைக்கும் நிலைத்துவிடும். பெரியம்மா தம் காலைச் சற்றே நகர்த்தி, குழலின் அடிக்கும் தரைக்கும் நடுவே தம் பாதத்தை வைத்துக்கொண்டார். குழல் அவர் பாதத்தின்மேல் வந்து நின்றது. தரையைத் தொடவில்லை.

இதற்கிடையே உள்ளே அமைதியின் அழகு மெல்லக் கசக்கத் தொடங்கியது. நாடாவை வெட்டித் திறந்துவைக்க வந்த பெரிய மனிதர், கைக்கடிகாரத்தை முதலில் திருட்டுப் பார்வையாகவும், பின்னர் நேர்ப் பார்வையாகவும் நோக்கினார். அரைவிலையார் மேடையோரம் நின்று, போதும் என்று கைகாட்டினார், நால்வரும் ஊதினர். இரு கை கூப்பினார், ஊதினர். ஒலிவாங்கிகளை அணைக்கச் செய்தார். ஒலிபெருக்கி வாயடைத்தமையால் முற்றத்தில் உள்ளோர்க்கு இருந்த ஒரே இழையும் அறுந்ததேயன்றி, நால்வர் ஊதுவது நிற்கவில்லை. நிறுத்துவது எங்ஙனம்? முடிவொலி கேளாமல் குழலை இறக்குவோன் தன் வீட்டையே இறக்கிவைப்பவன் அல்லவா? வியர்வையில் இறகுகள் நனைந்து கண்ணின்மேல் சரிந்துகொண்டிருக்க, மெலிந்த கிழவர் இரண்டு மூச்சுக்கு நடுவே, “பெரியம்மா முடிச்சாத்தான் முடியும்,” என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஊதினார். பேரத்தில் வேண்டாதது என்று தாம் கழித்து எறிந்தவற்றுள், பொருளின் முடிவும் சேர்ந்து போய்விட்டது என்பதை அரைவிலையார் அப்போதுதான் அறிந்தார். முடிவில்லாச் சரக்கை வாங்கியவர், அதை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் முற்றத்துக்கு ஓடினார்.

அங்கே, ஒரு பெண்மணியின் பாதத்தின்மேல் குழலை ஊன்றியபடி சட்டைக்காரன் ஒருவன் தலைகவிழ்ந்து நிற்பதையும், அவர் அசையாது நிற்பதையும் கண்டார், கண்டும் பொருட்படுத்தவில்லை.

“பெரியம்மா, நீங்க கொஞ்சம் உள்ள வந்து முடிச்சுக் குடுங்க. ஒரு நிமிஷ வேலை.”

“எட்டுப் பேரும் வர்றோம்,” என்றார் பெரியம்மா.

அரைவிலையாரின் உடம்பில் நெடுநாட் பழக்கம் விழித்துக்கொண்டது. தோளைக் குலுக்கினார், திரும்பி இரண்டடி நடந்தார், முதுகால் காது கொடுத்தார். எவரும் அழைக்கவில்லை. அரங்கின் சுவருக்குள், அணைந்த ஒலிவாங்கியின் முன் நால்வர் இன்னும் ஊதிக்கொண்டிருக்கின்றனர் என்பது மட்டும் அவர் நெஞ்சில் இடித்தது. திரும்பி வந்தார்.

“சரி, உங்ககூட ரெண்டு பேர் வரட்டும். அதுக்கு மேல கூட்டம் சேந்தா பாக்க நல்லாயிருக்காது.”

“எட்டுப் பேரும் வர்றோம்.”

பேரம் என்பது இருவர் ஆடும் ஆட்டம்; ஒருவர் ஏறுவதும் ஒருவர் இறங்குவதுமாய் நடுவில் எங்கோ சந்திப்பது. தம்மெதிரே ஆட்டம் நடக்கிறது என்பதையே அறியாத ஒருவரோடு ஆடுவது எப்படி என்று அரைவிலையார்க்கு எந்தக் கடையிலும் கற்பிக்கப்படவில்லை. பெரியம்மா விலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. தாம் எண்மராய் இருப்பதை எண்மராய் இருக்கிறோம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நாலு பேர் என்றார் அரைவிலை. ஐவர் என்றார். பின்கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஆறு என்றார். ஒவ்வொரு படிக்கும் தம் குருதியைத் தாமே சிந்துவார்போல் முகம் சுளித்து, இறுதியில் தம் பெருந்தன்மையின் எல்லைக்கே வந்துசேர்ந்தார்.

“ஏழு பேர் வாங்க. இந்தச் சட்டைக்காரர் மட்டும் வேணாம்மா. படத்துல விழுந்தார்னா, யாரோ நம்ம கடைப் பையன் வழி தெரியாம மேடைக்கு வந்துட்ட மாதிரி இருக்கும்.”

தம்பி நிமிர்ந்து பார்த்தான். பெரியம்மா தம் பாதத்தை இன்னும் எடுக்கவில்லை.

“இவன் முன்னாடி நடப்பான்,” என்றார். “நாங்க இவன் பின்னாடி வருவோம்.”

வாழ்நாளில் முதன்முறையாக அரைவிலையார், கேட்டதற்கும் மேலாய்க் கொடுத்து ஒன்றை வாங்கினார். காவலர் நாற்காலியை நகர்த்தினார். பின்வாயிலுக்கு அப்பால் இடைவழியை, நால்வர் போனபின் அங்கே கொண்டுபோய் வைத்த நாற்காலி அடுக்குகள், குழலேந்தியோர் நுழைய இடமின்றி அடைத்திருந்தமையால், சுற்றிக்கொண்டு போய், விருந்தினர்க்கென விரித்த கம்பளத்தின்மேல், தலைவாயில் வழியாகவே அவர்கள் நுழைய நேர்ந்தது. கோடு போட்ட சட்டையின் கைம்மடிப்பைச் சரிசெய்துகொண்டு, குழலை வாயில் வைத்து, பெருமக்களின் நடுவே நெடுவழியில் தம்பி நடந்தான். மேடையில் அண்ணன் கண்மூடி, எங்கோ ஓரிடத்தை மனம்போனபடி ஊகித்து, ஊதுவதற்கு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தான். அந்த மூச்சு உள்ளே நிற்கும்போதே, அவனுக்கு முன்னுள்ள இடத்தில், நெடுநேரமாய் விழாதிருந்த ஒலி வந்து விழுந்தது. அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை. இழுத்த மூச்சை மட்டும் ஒரு நொடி பொறுத்து, அதற்குரிய இடத்தில் மெல்ல விட்டான். அடுத்தது வந்தது. அதற்கடுத்ததும் வந்தது.

பண் முழுமையாய் எழுந்தபோது அரங்கிலிருந்தோர் திடுக்கிட்டனர். அது ஆழ்ந்ததாய் இல்லை, அமைதியாய் இல்லை. வேலிக்கு மேல் தலைநீட்டி அண்டை வீட்டாரிடம் வம்பளக்கும் பெண்களைப்போலவும், கல்லுக்குக் கல் தாவி ஒருவரை ஒருவர் தள்ளிச் சிரிக்கும் பிள்ளைகளைப்போலவும், படபடவென்று, துள்ளலும் குறும்புமாய், ஒருவர் வாயிலிருந்து மற்றவர் பறித்துப் பேசும் பேச்சாய் அது ஓடியது. உறங்கியோர் விழித்துக்கொண்டனர். கலையறிஞர் துண்டைச் சரிசெய்துகொண்டு, தரம் இறங்கிவிட்டது, கூட்டம் சேர்ந்ததும் வணிகம் நுழைந்துவிட்டது என்று பக்கத்து இருக்கைக்கு உரைத்தார். பெரியம்மா உடனே முடிக்கவில்லை. தம்பி இன்னும், இடம் பறிபோய்விடுமோ என்பான்போல், தன் ஒலியை அவசரமாய் வைப்பதை அவர் கேட்டார். அந்த அவசரம் அடங்கும்வரை பண்ணை மீண்டும் மீண்டும் சுற்றிவரவிட்டார். நாடா வெட்ட வந்தவர் இருமினார், முதலாளி செருமினார், பெரியம்மாவின் காதில் அவை விழவில்லை, அல்லது விழுந்தும் அவற்றுக்குப் பண்ணில் இடம் இல்லை. தம்பியின் ஒலி தன் இடத்தில் நிதானித்தபின், அடிவயிற்றிலிருந்து ஒரு நீண்ட ஒலியை எழுப்பி முடித்தார். பன்னிரண்டு குழல்களும் ஒருங்கே தரையில் ஊன்றப்பட்டன.

கைதட்டல் மழைத்தூறல்போல் ஆங்காங்கே விழுந்து நின்றது. நாடா வெட்டப்பட்டது. முதலாளி அரைவிலையாரை ஓரமாய் அழைத்து, முதலில் இருந்ததுதான் உயர்வாய் இருந்தது என்றும், தெருக்கூட்டத்தை எதற்கு உள்ளே விட்டாய் என்றும் கடிந்துகொண்டார். அந்த அமைதிப் பகுதியைத் தம் மற்ற ஊர்களின் விற்பனை அரங்குகளிலும் நடத்த விரும்புவதாகவும் சேர்த்துச் சொன்னார். கடிதலைக் கேட்டுக் கவிழ்ந்த அரைவிலையாரின் தலை, இரண்டாவதைக் கேட்டு நிமிர்ந்தது.

முற்றத்தில் சரக்குந்து உறுமிக்கொண்டிருந்தது. ஏறுவோர் ஏறிக்கொண்டிருக்க, தாடியிலிருந்து சாயத்தைத் துடைத்துக்கொண்டு நின்ற அண்ணனை அரைவிலையார் கையைப் பிடித்து இழுத்துப் போனார். ஊர் ஊராய், ஆண்டு முழுதும், நால்வருக்கு மட்டும் வேலை என்றார். முடிவொலிக்குப் பெரியம்மா வரவேண்டியதில்லை. அதனை ஒருமுறை பொறியில் பிடித்துவைத்துக்கொண்டால், வேண்டும்போது அழுத்தினால் போதும் என்றார். கூறிய தொகை சிறிதன்று. அண்ணன் துறவியும் அல்லன். ஒரு காலத்தில் இரண்டு முழ நிலத்துக்கு ஆசைப்பட்டவன்தான். சாயத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் எண்ணினான். பெரியம்மா வண்டியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியும் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தம்பி ஊதாம, நான் எங்க ஊதணும்னு எனக்குத் தெரியாதுங்க,” என்றான் அண்ணன். “இன்னிக்கு உள்ள நின்னு நாங்க ஊதினது பாட்டே இல்ல. பயத்துல ஊதினது.”

விலை ஏற்றுவதற்கு இத்துணை நயமான வழியை அரைவிலையார் எந்தச் சந்தையிலும் கண்டதில்லை. வியந்து, சிரித்து, தொகையைக் கூட்டினார். அண்ணன் வண்டியில் கால் வைத்தான். இன்னும் கூட்டினார். பலகையில் தம்பி சற்று ஒதுங்கி அமர, அவனருகே அண்ணன் அமர்ந்தான். வண்டி நகர்ந்தது. புழுதிக்குள் நின்றவாறு அரைவிலையார் மேலும் ஒருமுறை கூட்டினார்; அந்தத் தொகை, அவர் தம் வாழ்நாளில் எவர்க்கும் தர ஒப்பியதிலேயே பெரியது; அதனைக் கேட்டவை கழுவாத பாத்திரங்கள் மட்டுமே.

கற்றறிந்தீர், பிறர் மூச்சைத் துண்டு துண்டாய் வெட்டித் தம் சரக்கின்மேல் ஒட்டுவோர்க்கும், அங்ஙனம் ஒட்டியதை ஆழம் என்று புகழ்வோர்க்கும் நாம் அறிவுரை கூறப்போவதில்லை. அவர்கள் கேட்பதற்குக் காசு கேட்பர். மாடிவீடுகள் விற்றுத் தீர்ந்தன. அறிஞர், அன்று தாம் கேட்ட அமைதியைக் குறித்து இன்றும் மேடைதோறும் உருகிப் பேசிவருகிறார். மலையில் பன்னிருவர் ஊதிக்கொண்டிருக்கின்றனர். அது எவர்க்காகவும் அன்று. அரைவிலையாரோ, விலைக்கு வராத ஒன்று தம் முன் வந்து நின்று சென்றது என்பதை இன்றளவும் அறிந்தாரில்லை. அன்று இன்னும் சற்றே கூட்டிக் கேட்டிருக்கலாம் என்றெண்ணி, நள்ளிருளில் புரண்டு படுத்துப் பெருமூச்செறிகிறார். அந்தப் பெருமூச்சைக் காட்டிலும் அவர்க்குத் தகுந்த ஒறுப்பு வேறொன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.